தகுதிச் சான்று எதுவும் இல்லாத பதின்வயதினருக்குத் தன்னார்வப் பணி எங்கே கிடைக்கும்?

கேள்வி: விடியல்தேடி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 16 வயது. பள்ளிப் படிப்பு இன்னும் முடியவில்லை. வாரத்தில் சில மணி நேரத்தை, ஊதியம் எதையும் எதிர்பாராமல், பிறருக்குப் பயன்படும் வேலை ஒன்றில் செலவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணி வருகிறேன். இதற்காக ஒரு மருத்துவமனைக்கும், விலங்குகள் காப்பகம் ஒன்றுக்கும், முதியோர் இல்லம் ஒன்றுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். 18 வயது நிறைந்தவர்களை மட்டுமே ஏற்பதாக மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது. காப்பகத்தினர் முன்னனுபவம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று எழுதிய பிறகு மறுமொழி வரவில்லை. முதியோர் இல்லத்திலிருந்து இதுவரை எந்தத் தகவலும் இல்லை.

என்னிடம் பட்டமோ, பயிற்சிச் சான்றிதழோ, வேலை பார்த்த அனுபவமோ கிடையாது. தமிழைப் பிழையில்லாமல் எழுத வரும். கணினியில் ஓரளவு வேகமாகத் தட்டச்சு செய்வேன். சிறு குழந்தைகளுக்குப் பொறுமையாகச் சொல்லித் தருவேன். அறிமுகம் இல்லாதவர்களிடம் நேரில் சென்று பேசுவதற்குக் கூச்சம் அதிகம். என்னைப் போன்றவர்களை ஏற்கும் இடங்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா, இருந்தால் அவற்றை எப்படி அணுக வேண்டும், அல்லது 18 வயது ஆகும் வரை காத்திருப்பதுதான் முறையா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஆற்றங்கரை

அன்புள்ள தங்கைக்கு, முதியோர் இல்லம் ஒன்றில் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். காத்திருக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. ஆனால் உங்களுக்குக் கிடைத்த மறுப்புகள் எதனால் வந்தன என்பதை அறிந்துகொண்டால், அடுத்த முயற்சியை எங்கே, எப்படிச் செய்வது என்பது தெளிவாகும்.

1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, பொதுவாக 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. அந்த வயதினர் ஒருவரை உள்ளே அனுமதிக்கும் நிறுவனம், அவரைக் கண்காணிக்கப் பொறுப்பான பெரியவர் ஒருவரை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். பெற்றோரின் எழுத்துபூர்வமான ஒப்புதலைப் பெற வேண்டும். அவருக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். மருத்துவமனை என்றால் தொற்று அபாயமும் நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காக்கும் கடமையும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. ஆள் பற்றாக்குறையில் இயங்கும் இடங்கள் இத்தனை ஏற்பாடுகளையும் செய்ய இயலாமல்தான் 18 என்று ஒரு கோட்டைப் போட்டுவிடுகின்றன. உங்கள் திறமையை எடைபோட்டுப் பார்த்து அவர்கள் எடுத்த முடிவு என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

பதில் வராத கடிதத்தின் கதை வேறு. எங்கள் இல்லத்துக்கு வந்த மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை, எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன் என்ற ஒரே வாக்கியத்தோடு முடிந்துவிடும். எழுதியவரின் நல்ல மனம் அதில் தெரியும். ஆனால் அவருக்கு ஏற்ற வேலையைக் கண்டுபிடிப்பது, அதற்கு நேரம் ஒதுக்குவது, மேற்பார்வைக்கு ஆள் தேடுவது என்று எல்லாமே எங்கள் தலையில் விழும். நாள் முழுவதும் ஓயாத வேலையில் இருப்பவர்கள் அத்தகைய கடிதத்தை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைப்பார்கள். அந்தப் பிறகு வருவதே இல்லை. ஆகவே வேலை இன்னது, நேரம் இன்னது, எத்தனை மாதத்துக்கு வருவீர்கள், வீட்டார் சம்மதம் உண்டா என்ற நான்கையும் நீங்களே சொல்லிவிட வேண்டும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்:

'மதிப்பிற்குரிய பொறுப்பாளர் அவர்களுக்கு, எனக்கு 16 வயது, பள்ளியில் படிக்கிறேன். உங்கள் இல்லத்தில் இருப்பவர்களுக்குச் செய்தித்தாளும் புத்தகமும் வாசித்துக் காட்டவும், அவர்கள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதித் தரவும், கைப்பேசியில் உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவதற்கு உதவவும் விரும்புகிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை 4 முதல் 6 மணி வரை, அடுத்த மூன்று மாதங்களுக்குத் தவறாமல் வர இயலும். என் பெற்றோர் சம்மதித்துள்ளனர்; அவர்களே நேரில் வந்து உங்களைச் சந்திக்கவும் அணியமாக உள்ளனர். எனக்கு முன்னனுபவம் இல்லை; நீங்கள் சொல்லித் தரும் முறைப்படி நடந்துகொள்வேன். வரும் வாரம் உங்களைத் தொலைபேசியில் அழைக்கலாமா?'

இதில் அனுபவம் இல்லை என்பதை ஒளிக்கவும் இல்லை, அதற்காக மன்னிப்புக் கேட்கவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று மாதம் என்று வரம்பு குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. முதியவர்கள் ஒரு முகத்துக்குப் பழகிவிட்டால் அந்த நாளுக்காகக் காத்திருப்பார்கள். இரண்டு வாரம் வந்துவிட்டு நின்றுவிடுபவரால் அவர்களுக்கு ஏற்படும் ஏமாற்றத்தை அருகிலிருந்து பார்த்தவன் நான். எங்களைப் போன்ற இடங்களுக்கு மிகுதியாகத் தேவைப்படுபவர், சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வருபவரே. அதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

நேரில் பேசக் கூச்சம் என்றீர்கள். முதல் முறை பெற்றோரில் ஒருவரையோ, உங்களை நன்கறிந்த ஆசிரியரையோ உடன் அழைத்துச் செல்வதில் எந்தக் குறைவும் இல்லை. உங்கள் வயதினரிடம் நாங்கள் அதைத்தான் எதிர்பார்த்தோம்.

மறுமொழி: எழுத்தாணி

மேலே அண்ணன் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். தமிழ் பிழையில்லாமல் எழுத வரும், தட்டச்சு தெரியும் என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோன வரிதான் என்னை இங்கே எழுதத் தூண்டியது. அந்த இரண்டும் உள்ளவர்களுக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் இடம் ஒன்று இணையத்தில் இருக்கிறது.

தமிழ் விக்கிமூலம் என்னும் கட்டற்ற இணைய நூலகத்தில் பழைய நூல்களின் பக்கங்கள் படங்களாக ஏற்றப்பட்டுள்ளன. எழுத்துணரி மென்பொருள் அந்தப் படங்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்துத் தருகிறது. ஆனால் மங்கிய அச்சிலும் பழைய எழுத்து வடிவங்களிலும் அது தடுமாறும். ரகரத்துக்கும் கால் குறிக்கும் வேறுபாடு தெரியாமல் மயங்கும். ஒற்றுப் புள்ளிகளைத் தவறவிடும். திரையின் ஒரு பக்கம் மூலப் படமும் மறுபக்கம் அந்த எழுத்துகளும் இருக்க, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவதுதான் மெய்ப்புப் பார்த்தல். ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சள் நிறத்துக்கும், அதை இரண்டாமவர் ஒருவர் சரிபார்த்த பிறகு பச்சை நிறத்துக்கும் மாறும். ஆகவே உங்கள் கண்ணுக்குத் தப்பிய பிழையை இன்னொருவர் பிடித்துவிடுவார் என்ற நம்பிக்கையோடு தொடங்கலாம். வயதையோ படிப்பையோ யாரும் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்றாலும் அது நிலைத்து நிற்கும். அந்த நூலைத் தேடி வருபவர் உலகின் எந்த மூலையிலிருந்தும் சொல்லைத் தட்டித் தேடிப் படிக்க முடியும். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியதிலிருந்து, ஊதியம் பெறாமல் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் கொடுத்தவர்களால்தான் வளர்ந்தது. நாம் இன்று ஒரு நொடியில் தேடியெடுக்கும் சங்கப் பாடல்களுக்குப் பின்னால் அத்தகையவர்களின் கைகள் இருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

எழுத்து வேலை சலிக்கும் நாள்களில் வேறு வழிகளும் உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் கட்டற்ற வரைபடத் திட்டம் 2004இல் தொடங்கியது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, அந்நாட்டுத் தலைநகரின் சரியான தெரு வரைபடம் மீட்புப் பணியாளர்களிடம் இல்லை. உலகெங்கும் வீடுகளில் அமர்ந்திருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருக்களையும் கட்டடங்களையும் வரைந்து கொடுத்தார்கள். மீட்புக் குழுக்கள் அந்த வரைபடத்தைக் கொண்டே இயங்கின. பேரிடர் வருவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் மிஸ்ஸிங் மேப்ஸ் என்ற முயற்சியைச் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் பிறரும் சேர்ந்து 2014இல் தொடங்கின. வீட்டுக் கூரையைச் சுற்றிக் கோடு வரைவதுதான் அங்கே தொடக்கநிலை வேலை. அதற்கான பயிற்சியும் அங்கேயே தரப்படுகிறது.

அறிவியலில் ஆர்வம் இருந்தால் ஜூனிவர்ஸ் தளத்தைப் பாருங்கள். விண்மீன் மண்டலங்களின் வடிவத்தை இனம் பிரிப்பது, காட்டில் பொருத்திய தானியங்கிக் கேமரா எடுத்த படத்தில் என்ன விலங்கு இருக்கிறது என்று குறிப்பது போன்ற வேலைகள் அங்கே இருக்கும். பெயரைப் பதிவு செய்யாமலேயே பங்கேற்கலாம். ஒரே படத்தைப் பலர் பார்த்துச் சொன்ன விடைகளைச் சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் முடிவுக்கு வருவார்கள் என்பதால், நாம் தவறாகச் சொன்னால் ஆய்வு கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்தத் தளத்துக்கு முன்னோடியான கேலக்ஸி ஜூவில் 2007ஆம் ஆண்டு படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்க்கெல், ஒரு விண்மீன் மண்டலத்தின் அருகே தெரிந்த பொருளைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். வானியலாளர்கள் அதுவரை அறிந்திராத வகையைச் சேர்ந்த பொருள் அது. இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. அவர் வானியல் படித்தவர் அல்லர்.

ஓர் எச்சரிக்கை. இணையத்தில் இருப்பதாலேயே எல்லாத் திட்டங்களும் இளவயதினரை ஏற்பதில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் இணையவழித் தன்னார்வத் திட்டத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; குரல் பதிவு கேட்கும் திட்டங்களில் சில பெற்றோரின் ஒப்புதலைக் கோரும். சேர்வதற்கு முன் அந்தத் தளத்தின் விதிகளில் வயது பற்றிய பகுதியைப் படித்துவிடுங்கள். பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுச் சேர வேண்டாம். தன்னார்வப் பணியில் மற்றவர் உங்கள்மீது வைக்கும் நம்பிக்கைதான் அடிப்படை. அதைப் பொய்யில் தொடங்கக் கூடாது.

மறுமொழி: இருபிள்ளைத்தாய்

மகளே, நான் ஆசிரியை. உன் வயதில் எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். மற்றவர்கள் வாய்ப்புகளைச் சொன்னார்கள்; நான் பாதுகாப்பைச் சொல்கிறேன். உன் ஆர்வத்தைக் குறைப்பதற்காக இதை எழுதவில்லை. நல்ல மனத்தோடு வரும் பிள்ளைகளைத் தவறாகப் பயன்படுத்துவோரும் இருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

பணியில் சேர்வதற்கு முன்பணம், பதிவுக் கட்டணம், சீருடைக்கான தொகை என்று எவரேனும் கேட்டால் வீட்டில் சொல்லாமல் எதையும் கொடுத்துவிடாதே. பயிற்சிக்குக் கட்டணம் வாங்கும் நேர்மையான அமைப்புகளும் உண்டுதான். ஆனால் அவை எதற்காக எவ்வளவு என்பதை எழுத்தில் தரும், பெற்றோர் கேட்டால் விளக்கும். ஒரு பெரியவரோடு மூடிய அறையில் தனியாக இருக்கும்படியான வேலையை ஏற்காதே. சிறு குழந்தைகளுக்குச் சொல்லித் தரும்போதும் இதே விதிதான். கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பொறுப்பானவர் பார்வையில் இருக்க வேண்டும். இது உன்னையும் காக்கும், அந்தக் குழந்தையையும் காக்கும். வீட்டு முகவரியையும் சொந்தக் கைப்பேசி எண்ணையும் நிறுவனத்தின் பொறுப்பாளருக்குக் கொடு. அங்கே வருவோர் போவோருக்குக் கொடுக்காதே. இங்கே நடப்பதை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று யாராவது சொன்னால் அன்றே அந்த இடத்தை விட்டு வந்துவிடு. விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காதே.

உனக்குச் சொல்லித் தர வரும் என்பதால் உன் பள்ளியிலிருந்தே தொடங்கச் சொல்வேன். கீழ் வகுப்புப் பிள்ளைகளில் வாசிப்பில் பின்தங்கியவர்கள் எல்லாப் பள்ளியிலும் இருப்பார்கள். வகுப்பு முடிந்த பின் வாரம் இரண்டு நாள், ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், அவர்களை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்று நீ போய்ச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை. பெரியவர்களிடம் வாய் திறக்காத பிள்ளை, தன்னைவிடச் சில வயது மூத்த அக்காவிடம் தயங்காமல் தடுமாறி வாசிக்கும். திருத்துவதற்கு அவசரப்படாமல் காது கொடுத்துக் கேட்பதே அங்கே பாதி வேலை. உன்னை ஏற்கெனவே அறிந்த இடம் என்பதால் வயது, காப்பீடு போன்ற தடைகளும் பெரும்பாலும் எழுவதில்லை. உனக்குக் கூச்சமும் குறையும்.

முதலுதவிப் பயிற்சியையும் விட்டுவிடாதே. செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகின்றன. பல நாடுகளில் இளையோருக்கென்று தனிப் பிரிவும் உண்டு. தகுதி எதுவும் இல்லையே என்று வருந்துகிறாய் அல்லவா? உன் வயதில் பெறக்கூடிய, வாழ்நாள் முழுவதும் பயன்படக்கூடிய முதல் தகுதி அதுவாக இருக்கலாம்.

விடியல்தேடி

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஆற்றங்கரை அண்ணன் சொன்ன முறையில் முதியோர் இல்லத்துக்கு மீண்டும் எழுதப் போகிறேன். அம்மா உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். விக்கிமூலத்தில் நேற்று இரவு ஒரு பக்கத்தைத் திருத்திப் பார்த்தேன். நேரம் போனதே தெரியவில்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. விலங்குகள்மீது எனக்கு மிகுந்த அன்பு உண்டு. அந்தக் காப்பகத்தின் கதவு முற்றிலுமாக மூடிவிட்டதா? அடுத்தது, பணியின் முடிவில் சான்றுக் கடிதம் கேட்பது முறையாகுமா? தன்னலமில்லாமல் செய்வதாகச் சொல்லிவிட்டுச் சான்று கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

மறுமொழி: மழைக்குருவி

முதல் ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். காப்பகம் ஒன்றில் வார இறுதி நாள்களில் உதவி வருகிறேன். மீட்டு வரப்படும் நாய்களும் பூனைகளும் பெரும்பாலும் அஞ்சிய நிலையில் இருக்கும், கடிக்கும், பிறாண்டும். வெறிநாய்க்கடி நோய் அறிகுறிகள் தோன்றிய பின் ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறித்துவிடும் என்பதால், தடுப்பூசி போட்டுக்கொள்ளாத இளவயதினரை விலங்குகளின் அருகே விட எந்தப் பொறுப்பாளரும் தயங்கவே செய்வார். முன்னனுபவம் பற்றிக் கேட்டதன் பொருளும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் காப்பகத்தின் வேலையில் கணிசமான பகுதி விலங்கைத் தொடாமலே நடப்பது. விரிப்புகளைத் துவைத்து அடுக்குவது, நன்கொடையாக வரும் பொருள்களைப் பிரித்து வைப்பது, பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது எல்லாம் எங்களிடம் எப்போதும் தேங்கியே கிடக்கும். தத்துக் கொடுப்பதற்கான அறிவிப்புகளை எழுதுவதைத் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். இரண்டு வயது, பெண், தடுப்பூசி போடப்பட்டது என்று மட்டும் எழுதிய அறிவிப்பை மக்கள் கடந்து போய்விடுகிறார்கள். அந்த விலங்கு எதற்கு அஞ்சும், யாரிடம் ஒட்டிக்கொள்ளும், எப்படிப்பட்ட வீட்டில் மகிழ்ச்சியாக இருக்கும் என்று நன்கு கவனித்து, மிகைப்படுத்தாமல் நான்கு வரி எழுதினால் அதைப் படித்துவிட்டு விசாரிக்க வருகிறார்கள். எழுத வரும் என்கிறீர்கள். அதையே முன்வைத்து மீண்டும் அந்தக் காப்பகத்துக்குக் கடிதம் அனுப்புங்கள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை என்பதால் வயது ஒரு தடையாக இராது என்றே நம்புகிறேன்.

காட்டுயிர்களிலும் ஆர்வம் இருந்தால் பறவை கணக்கெடுப்பில் சேருங்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாள்கள் நடக்கும் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட் 1998இல் தொடங்கியது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இபேர்ட் தளத்தில் பதிவு செய்தால் போதும். பறவைகளின் பெயரை அறியாதவர்கள் முதலில் நான்கைந்து வகையை மட்டும் கற்றுக்கொண்டு தொடங்குவதே நல்லது.

மறுமொழி: ஆற்றங்கரை

சான்றுக் கடிதம் கேட்பதில் தவறே இல்லை, தயங்க வேண்டாம். நீங்கள் செய்த பணி உண்மை, அதை உறுதிப்படுத்தும் தாள் உங்கள் உரிமை. நன்றாகப் பணியாற்றிய இளையோர் கேட்காமலே போய்விட்டு, நாங்கள் பொறுப்பிலிருந்து மாறிய பிறகு தேடி வந்தபோது, அவர்களைப் பற்றி எழுதித் தர ஆளில்லாமல் போனதுண்டு. முதல் நாளே கேட்காதீர்கள். ஒப்புக்கொண்ட மூன்று மாதம் முடியும் தறுவாயில், உங்களை நேரடியாகக் கண்காணித்தவரிடம் கேளுங்கள்.

பெயரும் முத்திரையும் மட்டுமுள்ள அச்சிட்ட சான்றிதழால் பெரிய பயன் இல்லை. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை வந்தீர்கள், மொத்தம் எத்தனை மணி நேரம், என்னென்ன செய்தீர்கள் என்ற விவரங்களோடு, உங்கள் நடத்தையைப் பற்றி அவர் கண்ட ஒன்றிரண்டு வரிகளும் இருக்க வேண்டும். அந்த விவரங்களை அவர் நினைவிலிருந்து எடுத்து எழுத முடியாது. ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேட்டில் நாள், நேரம், செய்த வேலை ஆகிய மூன்றையும் எழுதி வைத்து, மாதம் ஒருமுறை அவரிடம் காட்டிக் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். விக்கிமூலத்தில் அந்தத் தொல்லையும் இல்லை. பயனர் கணக்கில் நுழைந்து திருத்தினால் ஒவ்வொரு பக்கமும் உங்கள் பங்களிப்புப் பட்டியலில் தானாகவே பதிவாகும்.

முதியோர் இல்லத்துக்கு எழுதும் கடிதத்தை அனுப்பும் முன் பார்க்க வேண்டுமானால், இல்லத்தின் பெயரையும் உங்கள் பெயரையும் நீக்கிவிட்டு இங்கே பதிவிடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.